தொடரும் என்ற சொல்

தமிழில் வெகுஜன நாவலின் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் ஆசிரியர்களின் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் எந்தக் காகிதத்தில், எந்த அளவில் எழுதினார்கள் என்று பார்க்காமல் அந்த எழுத்தின் உருவம் பிடிபடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' புத்தகமாகவே பதிப்புமேல் பதிப்புக் கண்டது. வாரப்பத்திரிகை வேரூன்றியபின் நாவலின் அலகு அத்தியாயமாகச் சுருங்கிற்று. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தது. அதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது ஆபத்தில் மாட்டுவதற்குச் சோழ சரித்திரம் காரணமல்ல, அடுத்த வாரம் காரணம். வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் சித்திரங்களோடு தைத்து பைண்டு செய்து வைத்தார்கள். எந்தப் பதிப்பகமும் போடாத பதிப்பு அது. பின்பக்கத்துத் துணுக்கும் தைல விளம்பரமும் கதையோடு சேர்ந்தே வாசிக்கப்பட்டன.

எண்பதுகளின் மாத நாவல் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கியது. ஒரு பிரயாணத்துக்குள் முடிந்தாக வேண்டும். ராஜேஷ்குமார் 1500 நாவல்களைத் தாண்டியதை இந்த அளவை விட்டுவிட்டு விளக்க முடியாது. ரமணிசந்திரனை நம் விமர்சகர்கள் பிரித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. மலையாளத்திலோ, முட்டத்து வர்க்கியின் 'பாடாத பைங்கிளி'யை வைத்து இவ்வகைக்குப் பைங்கிளி என்று பெயரிட்டார்கள். ஏளனந்தான். ஆனால் ஏளனம் செய்யவும் படித்திருக்க வேண்டுமே. நாம் 'வணிக எழுத்து' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டோம்.

நாவலூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு எதிரே ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பெண்கள் கைபேசியில் கதை படிக்கிறார்கள். எட்டிப் பார்ப்பது அநாகரிகம், பார்த்திருக்கிறேன். அத்தியாயத்தின் கீழே அதே 'தொடரும்'. 'கல்கி' 2020இல் அச்சை விட்டது; அது பழக்கிய சொல், 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் பிழைத்துக் கிடக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். அச்சில், வாசகன் எந்தப் பக்கத்தில் மூடி வைத்தான் என்பது எவருக்கும் தெரியாது. கிண்டில் அன்லிமிடெட் படிக்கப்பட்ட பக்கத்துக்குத்தான் பணம் தருகிறது. திருப்பம் இனி ஆசிரியனின் ஊகமல்ல, பேரேட்டில் ஏறும் வரவு. பேரேட்டோடு பிழைப்பவன் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது. சந்திப்பிழைகள் பெரிய நஷ்டமில்லை. சந்தா கட்டியவன் சலிப்பான ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொண்டான். கதையும் அந்தத் தைரியத்தில் சற்றுச் சுற்றி நடந்தது. பக்கக் கணக்கு அந்தச் சலுகையைத் தராது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தரமணியில், ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தரம் பிரிக்காமல் சேர்த்து வைத்ததால்தான் பழைய துப்பறியும் நாவல்கள் இன்று ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன. கைபேசிக் கதையை யார் கிழித்து, எதில் தைத்து வைப்பது?