பசையால் பிறந்த படகு

நீர், பசைக்குப் பகை. முற்காலத் தச்சர் கையாண்ட பசை, விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரமாகும். மேசை நாற்காலிகளை அது நன்கு இறுக்கிற்று, நனைந்தாலோ இளகிவிடும். ஆகவே கலம் கட்டுவோர் ஆணியையோ, மரமுளையையோ, கயிற்றையோ நாடினர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாளில் கரையலைகளைத் தாண்டிச் சென்ற மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. 1998-இல் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலும் ஆணியின்றித் தைக்கப்பட்டதே.

நீருக்கு அஞ்சாத பசை இருபதாம் நூற்றாண்டின் படைப்பு. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை வச்சிரத்தினும் மேலானது. எனினும் இரண்டாம் உலகப் போரில், 'மஸ்கிட்டோ' எனும் மரவிமானத்தின் பலகைகளை ஒட்டிய அப்பசை, வெப்ப நாடுகளின் ஈரத்தைத் தாங்கவில்லை. அதனிடத்தைப் பார்மால்டிஹைடு கலந்த செயற்கைப் பசை பெற்றது. அவ்வகைப் பசையொன்றை நார்மன் டி புருயின் என்னும் அறிஞர் இங்கிலாந்தில் 1937-இல் உருவாக்கியிருந்தார். இத்தகைய பசைகளால் நீரைத் தாங்கும் பிளைவுட் பலகையும் கிடைத்தது.

பலகை கிடைத்தும் ஓர் இடர் நின்றது. வளைந்த பலகைகளின் விளிம்புகள் பொருந்துமாறு சட்டகம் அமைத்துச் செதுக்குதல், தேர்ந்த தச்சரன்றிப் பிறர்க்கு எளிதன்று. இதற்கு வழி கண்டவர் கென் லிட்டில்டைக் என்னும் ஆங்கில ஆசிரியர். சிறு தோணிகளுக்காக அவர் வகுத்த முறை இது: பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினால், பலகைகள் தாமே வளைந்து கலத்தின் வடிவை அடையும். பின்னர் மூட்டுகளின் உட்புறத்தில் கண்ணாடியிழை நாடாவை வைத்துப் பிசின் பூசுவர். அது இறுகியபின் வெளியே நீட்டிய கம்பிகளை நறுக்கிவிட்டு, வெளிப்புறத்திலும் நாடா ஒட்டுவர். மசூலாவில் கயிறே கலத்தைக் கட்டிக் காத்தது. இங்கே கம்பி, பசை இறுகும் வரை தாங்கும் துணையேயாகும்.

1963-இல் இலண்டன் நாளேடான 'டெய்லி மிரர்' இம்முறையில் ஒரு பாய்ப்படகை வெளியிட்டது. அதனை வடித்தவர்கள் படகு வல்லுநர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுத் தச்சுவேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்த பாரி பக்னெலும் ஆவர். 10 அடி 10 அங்குல நீளமுள்ள அப்படகின் பலகைகளும் பொருள்களும் ஏறத்தாழ 63 பவுனுக்குத் தொகுப்பாக விற்கப்பட்டன. ஏட்டின் வாசகர் பெரும்பாலும் உழைப்பாளிகள். கொட்டகையிலும் வீட்டிலும் அவர்கள் கட்டத் தொடங்கிய அவ்வகைப் படகுகள் பிற்காலத்தில் 70,000-ஐக் கடந்தன.

செல்வர்க்கு உரியதாய்க் கருதப்பட்ட பாய்மர விளையாட்டு எளியோர் கைக்கு எட்டியது இவ்வாறே. இன்று பாலியெஸ்டர்ப் பிசினின் இடத்தை எப்பாக்சி பெரும்பாலும் பெற்றுள்ளது. எனினும் மரம் உலர்ந்திருத்தல் வேண்டும், ஒட்டுமிடம் தூசும் எண்ணெயும் இன்றி இருத்தல் வேண்டும் என்னும் இரு விதிகள் மாறவில்லை. பசை, தச்சனின் திறனைப் பலர்க்கும் பகிர்ந்தளித்தது. அவனுடைய கவனத்தையோ ஒவ்வொருவரும் தாமே கைக்கொள்ள வேண்டியுள்ளது.