உதிரி பாகங்களிலிருந்து எழுந்து நடந்த எந்திரங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் பத்து நாளாக என் மேசையைப் பிடித்துக்கொண்டான். காலி மாத்திரை அட்டை, மை தீர்ந்த பேனா, சிரிஞ்ச், ஷாம்பு மூடி, உடைந்த பொம்மை ஜீப்பின் சக்கரம் எல்லாம் அவன் பெட்டிக்குள் போய்விட்டன. அவற்றை வெட்டி ஒட்டி நாலு கால் வைத்த ஒரு போர் எந்திரம் செய்கிறான். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பனியில் நடந்து வருமே, அந்த ஜாதி.

"எதுக்குடா இந்தக் குப்பை?" என்றேன்.

"தாத்தா, அந்தப் படத்துக்கே இப்படித்தான் செஞ்சாங்க" என்றான்.

வரலாற்று வாத்தியாரைத் தூண்டிவிட இது போதாதா? தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என்னுடைய பழைய தப்பு ஒன்றும் கூடவே வெளியே வந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

நடக்கும் எந்திரம் என்ற கற்பனை பழையது. 1898-ல் புத்தகமாக வந்த எச்.ஜி.வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் மூன்று கால் எந்திரங்களில் ஏறி இங்கிலாந்தை மிதித்துக்கொண்டு வருவார்கள். 1960-களில் அமெரிக்காவில் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். சக்கரம் சிக்கிக்கொள்ளும் கரடுமுரடான நிலத்தில் சுமை கொண்டு போக, ராணுவத்துக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் நாலு கால் வண்டி ஒன்றை உருவாக்கியது. வடிவமைத்தவர் ரால்ஃப் மோஷர். ஓட்டுபவர் கையை அசைத்தால் வண்டியின் முன்னங்கால் நகரும், காலை அசைத்தால் பின்னங்கால் நகரும். கொஞ்ச நேரத்தில் ஆள் களைத்துப் போவார். அதனால் அது படையில் சேரவில்லை. இன்று வர்ஜீனியாவில் ராணுவப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே பத்தாண்டில் சிட் மீட் என்ற ஓவியர், ஓர் எஃகு நிறுவனத்தின் விளம்பர நூலுக்காக, கால்களால் நடக்கும் பெரிய சரக்கு வண்டியை வரைந்தார்.

இந்தப் படம் ஜோ ஜான்ஸ்டன் என்ற வடிவமைப்பாளர் கண்ணில் பட்டது. 1980-ல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்கு அவர் வரைந்த நாலு கால் கவச வாகனத்துக்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

திரையில் பல மாடிக் கட்டடம் போலத் தெரியும் அந்த வாகனத்தின் மாதிரி, நிஜத்தில் சுமார் ஒன்றரை அடி உயரம்தான். உள்ளே மூட்டுகள் வைத்த உலோக எலும்புக்கூடு. ஜான் பெர்க், ஃபில் டிப்பெட் போன்றவர்கள் நாலு காலையும் கையால் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள். தரையில் பனிக்குப் பதிலாகச் சமையல் சோடாவும் நுண்ணிய கண்ணாடி மணிகளும் பரப்பியிருந்தார்கள். காலடித் தடம் கலையக் கூடாது என்பதற்காகத் தரையில் துவாரக் கதவு வைத்து, அதன் வழியே தலை நீட்டி எந்திரத்தை நகர்த்திவிட்டு மறுபடி கீழே இறங்கிக்கொண்டார்கள். நடை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ஒரு யானையை நடக்கவிட்டுப் படம் பிடித்துப் பார்த்தார்களாம்! கோயில் யானை தெருவில் வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த எந்திரம் ஏன் அவ்வளவு கனமாகத் தெரிகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி பேரன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 1977-ல் வந்த முதல் படத்துக்கே இந்தக் கலைஞர்கள் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளைக் குவியல் குவியலாக வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கிகள், போர்க்கப்பல்கள், விமானங்கள், கார்கள். பெட்டியில் போட்ட படத்தைப் பார்த்து அதைச் செய்யாமல், அதிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் எடுத்து விண்கலத்தின் மேல் ஒட்டினார்கள். அந்தச் சின்னத் துண்டுகளுக்கு 'கிரீப்ளி' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு.

இது சோம்பேறித்தனம் இல்லை. டாங்கியின் ஒவ்வொரு மூடியும் காற்றுத் துவாரமும் ஒரு பொறியாளர் காரணத்தோடு வைத்தது. அந்தத் துண்டை எங்கே ஒட்டினாலும் 'இதற்கு ஏதோ வேலை இருக்கிறது' என்று கண் நம்பிவிடும். சின்னச் சின்ன விவரம் கூடக்கூட, பொருளும் பெரிதாகத் தெரியும். கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறம் அடித்தால், எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பேரனும் நேற்று அதைத்தான் செய்தான். ஒரு பூச்சு சாம்பல் ஸ்பிரே அடித்ததும் என் மாத்திரை அட்டை காணாமல் போய், எந்திரத்தின் கவசம் ஆகிவிட்டது.

இந்தக் கலைஞர்களைப் பார்த்து ஜப்பானில் கோ யோகோயாமா என்ற ஓவியரும் டாங்கி, விமானம், கார் மாடல்களின் பாகங்களிலிருந்து புதிய கவச உடைகளையும் இரண்டு கால் எந்திரங்களையும் செய்தார். 1982 மே மாதம் முதல் 'ஹாபி ஜப்பான்' இதழில் அவை 'எஸ்.எஃப்.3டி' என்ற பெயரில் தொடராக வந்தன. நிட்டோ என்ற நிறுவனம் அவற்றையே மாடல் பெட்டிகளாக விற்கவும் தொடங்கியது. உதிரி பாகத்தில் பிறந்தது புதுப் பெட்டியாகக் கடைக்குத் திரும்பி வந்தது! பிறகு அந்த இதழுக்கும் அவருக்கும் உரிமைத் தகராறு வந்து, 1986-ல் தொடர் நின்றது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து, உரிமை கடைசியில் யோகோயாமாவுக்கே கிடைத்தது. இன்றும் 'மஷினன் கிரீகர்' என்ற பெயரில் அந்த மாடல்கள் விற்கின்றன.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்தினேன்.

1985 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு. சைக்கிள் கடைக்காரர் மகன் ஒருவன். வரைபட நோட்டுக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். நூல் தீர்ந்த கட்டைகள், சைக்கிள் செயின் துண்டுகள், பழைய ஸ்பிரிங், டார்ச் பல்பு. நாலு கால்.

"நடக்குற லாரி சார். சேத்துல சக்கரம் மாட்டிக்கும். இது மாட்டாது" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் பொறுக்கிட்டு வந்ததுதானே, இதுல உன்னுடையது என்னடா இருக்கு?" வகுப்பே சிரித்தது. பொருளைப் பிடுங்கி ஆசிரியர் அறை அலமாரியில் வைத்தேன். ஆண்டு முடிவில் பெருக்கித் தள்ளும்போது அதுவும் போய்விட்டது. அவன் திரும்பக் கேட்கவே இல்லை.

சக்கரம் மாட்டும் இடத்தில் கால் மாட்டாது. அமெரிக்க ராணுவத்துக்காகப் பொறியாளர்கள் யோசித்த அதே காரணம். எந்தப் புத்தகமும் பார்க்காமல், அப்பாவின் கடையில் சேற்றோடு வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தே அந்தப் பையன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். அதில் அவனுடையது என்ன என்று கேட்டேனே! எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று கண்டது முழுக்க அவனுடையது.

வரலாறு மட்டும் என்ன? எவரோ விட்டுப்போன கல்வெட்டு, நாணயம், ஓடு என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தானே நாற்பது நிமிடப் பாடமாக உங்களுக்குச் சொன்னேன். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்கே தெரியும். நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. பேரனின் எந்திரத்துக்குப் பின்னங்கால் மூட்டு சரியாக நிற்கவில்லை, சாய்ந்து சாய்ந்து விழுகிறது. எனக்குச் சரி செய்யத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு ஒன்று. வீட்டில் பிள்ளைகள் எதையாவது பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தால், பெருக்கித் தள்ளுவதற்கு முன் "இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்