சூலகப் பல்பை நோய்க்குறியும் இதயக் குழலிய நலமும்

சூலகப் பல்பை நோய்க்குறி (வழக்கில் பி.சி.ஓ.எஸ்.) என்பது கருவளப் பருவப் பெண்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் காணப்படும் இயக்குநீர்க் கோளாறு ஆகும். மாதவிடாய் ஒழுங்கின்மை, மகப்பேறின்மை, முகத்தில் முடி வளர்தல் ஆகியவற்றுக்காகவே பெரும்பாலோர் மருத்துவரை நாடுவதால், இந்நோய்க்குறி இதயத்தையும் குருதிக்குழல்களையும் பாதிக்கக்கூடும் என்பது பல வேளைகளில் கவனிக்கப்படுவதில்லை.

1935 இல் சிகாகோ மருத்துவர்களான இர்விங் இசுடெயின், மைக்கேல் லெவெந்தால் ஆகியோர் ஏழு பெண்களைக் கொண்டு இதனை விவரித்தனர். பெயரில் உள்ள "பல்பை" உண்மையில் நோய்க்கட்டிகளைக் குறிப்பதன்று. அவை முதிராது நின்றுவிட்ட முட்டைப்பைகளே. இப்பெயரே இதனை வெறும் சூலக நோயாகக் கருதச் செய்துவிட்டது எனலாம்.

பாதிப்பு ஏற்படும் விதம்

பாதிக்கப்பட்டோர் பலரிடம் இன்சுலின் எதிர்ப்பு உள்ளது. தசைகள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது, கணையம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. சூலகமோ அம்மிகை இன்சுலினுக்கு இணங்கி, ஆண்மை இயக்குநீர்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அவ்வியக்குநீர்களைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரப்பதால் அவற்றின் தாக்கம் மேலும் கூடுகிறது. இத்துடன் குருதியில் டிரைகிளிசரைடு உயர்வதும், நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பு குறைவதும், குழல்களின் உட்சுவர் விரியும் திறன் குன்றுவதும் உண்டு. மெலிந்த உடல்வாகுடையோரும் இதற்கு விலக்கல்லர்.

இடரின் அளவு

இது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. 1992 இல் சுவீடன் ஆய்வாளர்கள், காரணிகளை மட்டும் கொண்டு கணக்கிட்டு, மாரடைப்பு இடர் 7.4 மடங்கு என மதிப்பிட்டனர். ஆனால் 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, 1930 முதல் 1979 வரை இந்நோய்க்குறி கண்டறியப்பட்ட 786 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, குருதிச்சுற்றோட்ட நோய்களால் நேர்ந்த இறப்பு எதிர்பார்த்ததை விட மிகுதியாக இல்லை. ஆயின் நீரிழிவு தொடர்பான இறப்புகள் மிகுந்திருந்தன. பின்வந்த தொகுப்பாய்வுகள் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் இடர் கூடுதல் எனக் காட்டியதை அடுத்து, 2023 பன்னாட்டு வழிகாட்டி இந்நோய்க்குறியை இதயக் குழலிய நோய்க்கான இடர்க்காரணியாகக் கொள்ளுமாறு பரிந்துரைத்தது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் ஒட்டுமொத்த இடர் குறைவே என்பதையும் அது குறிப்பிடுகிறது.

பரிசோதனையும் சிகிச்சையும்

அவ்வழிகாட்டியின்படி குருதியழுத்தம் ஆண்டுதோறும் அளக்கப்படல் வேண்டும். நோய் கண்டறியப்பட்டவுடன் கொழுப்பு, சர்க்கரை அளவுகளைச் சோதித்து, சர்க்கரைச் சோதனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளச் செய்தல் வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. எட்டினாலே கவனம் தேவை.

உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் முதன்மையானவை. மெட்ஃபார்மின் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கிறது. மாதவிடாயைச் சீராக்கத் தரப்படும் ஈசுட்ரோசன் கலந்த மாத்திரைகள் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், புகைபிடிப்போருக்கும் உயர் குருதியழுத்தம் உடையோருக்கும் அவற்றைத் தருமுன் எச்சரிக்கை தேவை. இசுட்டாட்டின்கள் இந்நோய்க்குறிக்கென்றே தரப்படுவதில்லை. கருத்தரிக்கும் நோக்கில் சிகிச்சை பெறுவோர் அவற்றை உட்கொண்டுவந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். கருவுற்ற பின் இவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவும் முன்சூல்வலிப்பும் ஏற்படும் வாய்ப்பு மற்றோரை விடக் கூடுதலாகும்.