அழுத்தக் காற்றின் பனிநிலைக் கண்காணிப்பு

கம்ப்ரசரிலிருந்து தொழிற்சாலைக் குழாய்களுக்குச் செல்லும் காற்றில் எவ்வளவு நீராவி எஞ்சியுள்ளது என்பதைத் தொடர்ந்து அளந்து, உலர்த்தி ஒழுங்காக இயங்குகிறதா என்று அறியும் முறையே பனிநிலைக் கண்காணிப்பு. குளிரும் காற்று எந்த வெப்பநிலையில் தெவிட்டி நீர்த்துளி படியத் தொடங்குகிறதோ, அதுவே அதன் பனிநிலை. 0 °செ.க்குக் கீழே துளிக்குப் பதிலாகப் பெரும்பாலும் உறைபனி படியும்.

நீர் சேரும் விதம்

30 °செ. வெப்பமும் 70% ஒப்பு ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். அழுத்தமானியில் 7 பார் காட்டும்வரை அமுக்கினால், அத்தகைய 8 கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடங்குகிறது. அதில் உள்ள சுமார் 170 கிராம் நீராவியில், 30 °செ.க்குக் குளிர்ந்த பிறகு 30 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும், மீதி நீராகிவிடும். அந்நீரை வடித்த பின்னும் காற்று தெவிட்டிய நிலையிலேயே இருப்பதால், குழாயில் சற்றுக் குளிர்ந்தாலும் மீண்டும் நீர் விடும். குழாய் துருப்பிடித்தல், வால்வு சிக்குதல், பெயின்டில் குமிழ் எழுதல், மருந்துத்தூள் கட்டியாதல் ஆகியவை இதன் விளைவுகள்.

அழுத்தமும் பனிநிலையும்

அழுத்தம் கூடினால் பனிநிலையும் உயரும். 7 பாரில் 3 °செ. பனிநிலை கொண்ட காற்றை வெளியழுத்தத்துக்குத் தளர்த்தினால், உறைபனி படியும் வெப்பநிலை ஏறத்தாழ −21 °செ.க்கு இறங்கிவிடும். எனவே அழுத்தத்தைக் குறிப்பிடாத பனிநிலை அளவு முழுமையற்றது. ஐஎஸ்ஓ 8573-1 தரநிலை, குழாய் அழுத்தத்தில் உள்ள பனிநிலையைக் கொண்டே காற்றை வகைப்படுத்துகிறது: வகை 1-க்கு −70, வகை 2-க்கு −40, வகை 3-க்கு −20, வகை 4-க்கு 3 °செ. உச்சவரம்பு. குளிர்பதன உலர்த்திகள் வழக்கமாக வகை 4-ஐ எட்டும். அதற்கும் உலர்ந்த காற்றுக்கு ஈர உறிஞ்சி நிரப்பிய உலர்த்திகள் தேவை.

அளவிகள்

குளிர்கண்ணாடி அளவி, ஆடியைக் குளிர்வித்து, பனி படியும் வெப்பநிலையை நேரடியாக அளக்கிறது. மிகத் துல்லியமானதால் ஆய்வகங்களில் மற்ற அளவிகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. ஆலைகளில் மின்தேக்கு உணரிகளே பரவலாக உள்ளன. பாலிமர் அல்லது அலுமினியம் ஆக்சைடு படலம் ஈரத்தை ஏற்கும்போது மாறும் மின்தேக்குதிறனிலிருந்து இவை பனிநிலையைக் கணிக்கின்றன. எண்ணெயும் தூசியும் படிந்தால் அளவு பிசகும். ஆகவே காலமுறைச் சரிபார்ப்பு அவசியம்.

பொருத்தும் முறை

உணரியை உலர்த்திக்கு அடுத்தும், காற்று பயன்படும் இடத்துக்கு அருகிலும் வைப்பது வழக்கம். மாதிரிக் காற்றைத் துருப்பிடிக்கா எஃகு அல்லது டெஃப்லான் குழாயில் எடுக்க வேண்டும். ரப்பரும் நைலானும் ஈரத்தை ஊடுருவ விடும். இணைப்பில் கசிவு இருந்தால், உள்ளே காற்றழுத்தம் மிகுந்திருந்தும் நீராவி புகும். ஏனெனில் நீராவி தன் பகுதியழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்கிறது.

ஈர உறிஞ்சி நிரப்பிய இரட்டைக் கோபுர உலர்த்திகளில் ஈரமான கோபுரத்தைப் புதுப்பிக்க உலர்ந்த காற்றில் ஒரு பகுதி செலவாகிறது. கோபுர மாற்றத்தைக் கடிகாரப்படி நடத்தாமல் பனிநிலை உயரும்போது மட்டும் நடத்தினால் அச்செலவு குறையும்.