அலைக்குறியும் மனைப்பக்கமும்

பல்கலைக்கழகக் கணினிகளிற் பயனர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மனைப்பக்கம் அமையும் வழக்கம் வலையுலகின் தொடக்கக் காலத்தே தோன்றியது. நிறுவனத்தின் முகவரியை அடுத்து ஒரு சாய்கோடும், அலைபோல் வளைந்த ஒரு குறியும், அதன்பின் பயனர் பெயரும் நிற்றல் இப்பக்கங்களின் முகவரி அமைப்பு. இவ்வமைப்பின் வரலாற்றை நோக்குவார்க்கு, பொது இடத்தில் தனி ஒருவர்க்குரிய உரிமை எத்துணைத்து என்னும் வினாவும் எழும். அவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

மனை என்னும் கருத்து வலைக்கு முற்பட்டது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்சு, ஒரு கணினியைப் பலர் பகிர்ந்தாளும் முறைமையாக வளர்ந்தது. அதன்கண் பயனர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கோப்பகம் உரியதாயிற்று. அதுவே அவர்தம் மனை. 1991-இல் லைனசு தோர்வால்தசு தொடங்கிய லினக்சும் இவ்வமைப்பையே மேற்கொண்டது.

மனையை அலைக்குறியாற் சுட்டும் வழக்கிற்கு ஒரு விசைப்பலகையே காரணம் என்பர். 1976-இல் வெளிவந்த ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் 'ஹோம்' என்னும் சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையிற் பொறிக்கப்பட்டிருந்தன. பெர்க்கிலியில் அம்முனையத்தைப் பயன்கொண்ட பில் ஜாய், 1970-களின் பிற்பகுதியில் சி-ஷெல்லை இயற்றினார். அதில் அக்குறி பயனர் மனையைக் குறிக்கலாயிற்று. விசையின்மேல் 'ஹோம்' எனப்பட்டதோ திரையின் மேல்மூலையே. திரையின் மூலையைக் குறித்த சொல்லின் அடையாளம், பொருள் திரிந்து, ஒருவரது இருப்பிடத்திற்கு உரியதாயிற்று.

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எசு.ஏ. மையத்தில் ராபு மெக்கூல் இயற்றிய வலைவழங்கியில் இக்குறிக்கு இடம் கிடைத்தது. 1994-இல் அவர் அம்மையத்தை விட்டு நீங்க, அதனைப் பயன்படுத்திவந்தோர் தத்தம் திருத்தங்களைத் தொகுத்தனர். அத்தொகுப்பினின்று 1995 ஏப்பிரலில் அப்பாச்சி என்னும் வழங்கி வெளிப்பட்டது. 'யூசர்டிர்' என்னும் ஒருவரிக் கட்டளை இரண்டற்கும் பொது. அலைக்குறியோடு ஒரு பெயர் வேண்டப்படின், அப்பெயருடையார் மனையுள் 'பப்ளிக்_எச்டிஎம்எல்' என்னும் உட்கோப்பகத்தைத் தேடுக என்பது அதன் பொருள்.

இவ்வுட்கோப்பகத்தை நம் வீட்டுத் திண்ணைக்கு ஒப்பிடலாம். உரிமை மனையார்க்கு, இருக்கை வழிப்போக்கர்க்கும் உண்டு. ஆயின் ஒரு வேற்றுமை. திண்ணை தெருவை ஒட்டியது. இதுவோ மனையின் உள்ளே அமைந்தது. ஆகலின் வழங்கி மனையைக் கடந்துசெல்ல இசைவு வேண்டும். மனைக்கு 711 என்னும் இசைவெண் அளிப்பின், பிறர் கடந்து செல்லலாம். உள்ளே யாவை உள எனப் பட்டியலிட்டுக் காணல் இயலாது. உட்கோப்பகத்திற்கு 755-உம் கோப்புகளுக்கு 644-உம் அளித்தல் மரபு. இவ்வெண் பிழைப்பின் பக்கம் தோன்றாது, மறுப்பே தோன்றும்.

இக்குறி பெற்ற இலக்கண வாழ்வும் கருதத்தக்கது. முகவரி அமைப்பினை வரையறுத்த 1994-ஆம் ஆண்டின் 1738-ஆம் எண் ஆவணம், அலைக்குறியைப் பாதுகாப்பற்ற எழுத்துகளுள் வைத்தது. அதனை நூற்றுவீதக் குறியிட்டு 7இ என மாற்றி எழுதல் வேண்டும் என்பது விதி. பயனரோ அலைக்குறியையே எழுதிவந்தனர். 1998-இல் வந்த 2396-ஆம் எண் ஆவணம், நடைமுறையில் இது பெரிதும் வழங்குதலைக் காரணங்காட்டி, தடையின்றி ஆளத்தக்க எழுத்துகளுள் சேர்த்தது. வழக்கு முன்செல்ல விதி பின்சென்றமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

எனினும், இவ்வுரிமை பின்னர்ச் சுருங்கிற்று. 2005 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சி 2.2 முதல், நிருவாகி வெளிப்படையாகக் கட்டளை எழுதினாலன்றி மனைப்பக்கம் இயங்காது என்றாயிற்று. காரணமும் இல்லாமல் இல்லை. ஒரு பெயரைக் கேட்கும்போது வரும் மறுப்பு 403 ஆயின் அப்பெயர் உண்டு என்பதும், 404 ஆயின் இல்லை என்பதும் அயலார் உய்த்துணரக்கூடும். தலைமைப் பயனராகிய 'ரூட்' என்பாரின் மனையை இம்முறையினின்று விலக்குக எனக் கையேடும் வலியுறுத்தும். ஆயினும், இயல்பாக இருந்த உரிமை இசைவு வேண்டிப் பெறுவதாக மாறியமை மறுக்கவொண்ணாது.

இதனினும் பெரியது அழிவு. மனை பயனரது எனப்படினும் நிலம் நிறுவனத்தினது. ஆசிரியர் பணி நீங்கிக் கணக்கு மூடப்படின், அவர் தொகுத்த சொல்லடைவும் பாடக்குறிப்பும் உடன்மறையும். 1996-இல் தொடங்கிய இணைய ஆவணக்காப்பகம் சிலவற்றைப் படியெடுத்துக் காத்துள்ளது, எல்லாவற்றையும் அன்று. ஏட்டுச்சுவடி கரையானுக்கு இரையாயினமை கண்டு வருந்தும் நாம், இவ்விழப்பையும் அதனோடு ஒப்ப எண்ணுதல் தகும். அலைக்குறி முகவரியை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், கண்ட நாளைக் குறித்தலோடு படியொன்றும் எடுத்துவைத்தல் கடன். பயனரை விடைகொடுத்து அனுப்பும் நிறுவனம், அவர் எழுத்தினை நூலகத்திற்கு மாற்றியபின் மனையை மூடுதலே முறையாகும்.