ஓஹலா: வெளியேற்றப்பட்டவர்கள் விட்டுச்சென்ற சொல்

ஸ்பானிய மொழியில் விரும்புதலுக்கும் நேசித்தலுக்கும் ‘கெரேர்’ என்ற ஒரே வினைச்சொல் உண்டு. தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அதுவே. தாய் தன் பிள்ளையிடம் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதற்கும் அதுவே. ஆயினும், தம் கையில் இல்லாத ஒன்றுக்காக ஏங்கும்போது அம்மக்கள் சொல்லும் சொல் வேறு: ‘ஓஹலா’. மழை பெய்யாதா, மகன் நலமாகத் திரும்பமாட்டானா என்னும் ஏக்கங்களுக்கெல்லாம் அதுவே முதற்சொல். ‘அல்லாஹ் நாடினால்’ என்று பொருள்படும் அரபுத் தொடரே அவ்வாறு திரிந்தது.

கி.பி. 711 முதல் 1492இல் கிரனாடா வீழும்வரை அந்நாட்டில் முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு பகுதியில் நிலைத்திருந்தது. இரு மொழிகளும் ஒரே வீட்டில் வாழ்ந்தன. 11ஆம் நூற்றாண்டு முதலான அரபுப் பாடல்கள் சிலவற்றின் இறுதியடிகள் அந்நாட்டுப் பேச்சுமொழியில் அமைந்தவை, ‘கர்ஜா’ எனப்படுபவை. பெரும்பாலும் ஒரு பெண்ணின் பிரிவுத்துயரைப் பாடும் அவ்வடிகளில், காதலன் ‘ஹபீப்’ என்றே அழைக்கப்படுகிறான்.

பின்னர்க் கட்டாய மதமாற்றம் வந்தது. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை, கிரனாடாவில் அரபு பேசுவதையும் எழுதுவதையும் தடைசெய்தது. வேறு பகுதிகளில் அரபுப் பேச்சை முன்பே இழந்திருந்த முஸ்லிம்கள், ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதினர். துஆக்களும் நபிமார் வரலாறுகளும் மட்டுமன்றி, யூசுஃப் நபியின் வரலாற்றைக் கூறும் காவியமும் அவ்வெழுத்தில் கிடைத்துள்ளது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர். 1884இல் அல்மொனசித் தெ லா சியர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன.

அரபு எழுத்தில் தாய்மொழி எழுதுவது நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினர். பெண்கள் அவற்றை வீட்டிலிருந்தே ஓதினர். எவரும் தடைவிதிக்காமலேயே இன்று அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவருகின்றனர். பேரழிவைச் சந்தித்தவர்கள் தரைக்கடியில் வைத்தேனும் ஏடுகளைக் காத்தனர். நம் வீட்டு அலமாரியில் உள்ளவற்றை மூத்தோரிடம் கேட்டுப் பயில நமக்குத் தடையேதுமில்லை.

தமிழில் ‘வேண்டுதல்’ என்பது விருப்பமும் பிரார்த்தனையும் ஆகும். ‘ஓஹலா’வும் அத்தகையதே. அதைச் சொல்வோர் பலர் அதன் மூலத்தை அறியார். ஆயினும் ஒவ்வோர் ஏக்கத்திலும் அல்லாஹ்வின் நாட்டத்தை நினைவூட்டும் சொல் அவர்கள் நாவில் வாழ்கிறது. நம் விருப்பங்களையும் அவனுடைய நாட்டத்திற்கு இசைந்தவையாக அவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.