வானிலிருந்து பார்த்த பக்தாத்



போர்விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுகளைப் பிள்ளைகள் விளையாடலாமா என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். ஆகும், ஆகாது என்று தீர்ப்புரைப்பது முஃப்திகளின் பணி. பாடம் நடத்தும் உஸ்தாதுகளாகிய நமக்கு அந்தத் தகுதி இல்லை. எனினும் இவ்விளையாட்டுகள் எங்கே பிறந்தன, யார் உருவாக்கினார்கள், அந்த விமானங்கள் எந்த ஊர்களின்மீது பறந்தன என்பதை எடுத்துரைக்க இயலும். இவற்றுள் பெரும்புகழ் பெற்ற மைக்ரோபுரோஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வரலாற்றையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு முன்கதை. நம் ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் வந்திறங்கும் விமானத்தின் விமானி, பயணிகளை ஏற்றிச் செல்லும் முன்னர் சிமுலேட்டர் எனப்படும் பாவனை அறைக்குள் அமர்ந்து பல மணி நேரம் பழகியவர். இந்தக் கருவியின் மூதாதை 1929 ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், தம் பட்டறையில் ஆர்கன் என்னும் காற்றிசைப் பெட்டிக்குப் பயன்படும் துருத்திகளைக் கொண்டு, தரையிலேயே சாய்ந்து திரும்பும் சிறு விமானம் ஒன்றைச் செய்தார். வான்படை அதனைப் பொருட்படுத்தவில்லை. தொடக்கத்தில் அதனை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்களே! 1934 இல் அஞ்சல் சுமந்து பறந்த ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் விழுந்து மாண்டபின்னரே அமெரிக்க ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் பல லட்சம் பேர் அதில் அமர்ந்தே பறக்கக் கற்றனர். ஆக, விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது போர்க்கருவியாயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் விளையாட்டாகி வீடுகளுக்குள் வந்தது.

அந்தத் திரும்புகை 1982 இல் தொடங்குகிறது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற நிறுவனத்தில் இருவர் பணிபுரிந்தனர். ஒருவர் சிட் மெயர், அமைதியான நிரலாளர். மற்றவர் பில் ஸ்டீலி. அமெரிக்க வான்படை அகாதமியில் பயின்ற விமானி, வணிக மேலாண்மையும் கற்றவர், உரத்த பேச்சுக்காரர். லாஸ் வேகாஸில் நடந்த அலுவலகக் கூட்டத்தின் இடைவேளையில் இருவரும் ‘ரெட் பேரன்’ என்னும் காசு போட்டு ஆடும் விமான விளையாட்டில் மோதினர். உண்மை விமானியாகிய ஸ்டீலி தோற்றார். வானில் பறந்தறியாத மெயர் வென்றார். எப்படி என்று கேட்டதற்கு, எதிரி விமானங்கள் எந்த ஒழுங்கில் நகர்கின்றன என்பதைக் கவனித்து மனனம் செய்துகொண்டதாகவும், இதைவிடச் சிறந்த விளையாட்டைத் தம்மால் எழுத முடியும் என்றும் மெயர் கூறினார். நீர் எழுதினால் நான் விற்கிறேன் என்றார் ஸ்டீலி.

அவ்வாறு மேரிலாந்து மாநிலத்தின் ஹன்ட் வேலியில் மைக்ரோபுரோஸ் தோன்றியது. முதலில் வந்த விளையாட்டுகளுள் ஒன்று ‘ஹெல்கேட் ஏஸ்’. அதை விற்ற முறையை ஸ்டீலியே பின்னாளில் பெருமையுடன் சொல்லியிருக்கிறார்: கணினிக் கடைகளுக்கு வாடிக்கையாளர் போலத் தொலைபேசியில் அழைத்து, அந்த விளையாட்டு இருக்கிறதா என்று குரலை மாற்றி மாற்றிக் கேட்பாராம், சில நாட்கள் கழித்து விற்பனைப் பிரதிநிதியாக அழைப்பாராம். கொடுக்கல் வாங்கலில் நேர்மையைப் பற்றி நாம் நடத்தும் பாடத்தில், செய்யக்கூடாததற்கு எடுத்துக்காட்டாகக் கூறத்தக்க செய்தி இது.

நிறுவனத்தை உயர்த்தியது 1980களின் நடுவில் வெளிவந்த ‘எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள்’. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதற்கு முந்தைய விளையாட்டுகள் பெரும்பாலும் பழைய உலகப்போர்க் காலத்தை வைத்தே அமைந்தவை. இதுவோ அன்றைய செய்தித்தாளில் இருந்த போர்களை எடுத்துக்கொண்டது. லிபியா, சிரியா, ஈராக், பாரசீக வளைகுடா, இவற்றோடு வியட்நாமின் ஹனோய், ஹைபோங் ஆகியன அதன் களங்கள். முஸ்லிம் நாடுகள் மட்டுமே குறிவைக்கப்பட்டன என்று சொல்வது நேர்மையாகாது. பிற்கால விளையாட்டுகளில் கொரியாவும் மத்திய அமெரிக்காவும் ஐரோப்பாவும் உண்டு. அமெரிக்கா எங்கே போரிட்டதோ, எங்கே போரிடக்கூடும் என்று கருதப்பட்டதோ, அங்கெல்லாம் விளையாட்டும் சென்றது. அந்த ஊர்களில் பெரும்பகுதி நாம் வரலாற்றுப் பாடத்தில் சொல்லித்தரும் ஊர்களாக அமைந்துவிட்டன. விளையாட்டு வெளியாகி ஓரிரு ஆண்டுகளில், 1986 ஏப்ரலில், அமெரிக்க விமானங்கள் திரிப்போலியையும் பெங்காஸியையும் மெய்யாகவே தாக்கின.

மேற்கு ஜெர்மனியின் சிறார் பாதுகாப்பு அமைப்பு அந்த ஆண்டுகளில் இவ்விளையாட்டையும், அதே நிறுவனத்தின் ஹெலிகாப்டர் விளையாட்டான ‘கன்ஷிப்’பையும், நீர்மூழ்கி விளையாட்டான ‘சைலன்ட் சர்வீஸை’யும் சிறுவர்க்கு விற்கக்கூடாதவை என்று பட்டியலில் சேர்த்தது. போரின் கொடுமையை நேரில் கண்ட ஒரு நாடு அவ்வாறு அஞ்சியதில் வியப்பில்லை.

மைக்ரோபுரோஸின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுடைய கையேடுகளைப் புரட்டியவர் அறிவர்: இறக்கையின் மீது காற்று எவ்வாறு செல்கிறது, ரேடார் அலை எவ்வாறு திரும்புகிறது, எவ்வளவு சாய்ந்தால் விமானம் உயரத்தை இழக்கும் என்பதெல்லாம் ஒரு பாடநூல் போல விளக்கப்பட்டிருக்கும். இயற்பியலை வகுப்பறையில் வெறுத்த சிறுவர் பலர் இங்கே விரும்பிக் கற்றனர். 1988 இல் வந்த ‘எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. பனிப்போர், மட்டுப்படுத்திய போர், முழுப்போர் என்று மூன்று நிலைகளை அது வகுத்திருந்தது. பனிப்போர் நிலையில் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டவருக்குப் பாராட்டு இல்லை; மறைந்து சென்று மறைந்து திரும்புவதே வெற்றி. ரேடாருக்குப் புலப்படாத விமானம் ஒன்று இருப்பதை அமெரிக்க அரசு அதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எஃப்-19 என்ற பெயரும் அதன் வடிவமும் ஊகமே. அதே ஆண்டு நவம்பரில் உண்மை விமானத்தின் படம் வெளியிடப்பட்டது; அதன் பெயர் எஃப்-117, வடிவமும் வேறு. நிறுவனம் 1991 இல் ‘எஃப்-117ஏ’ என்ற பெயரில் திருத்திய விளையாட்டை வெளியிட்டது. அதன் களங்களுள் ஒன்று ‘பாலைவனப் புயல்’, அதாவது அவ்வாண்டின் தொடக்கத்தில் நடந்து முடிந்த ஈராக் போர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, வளைகுடாவில் பணிசெய்த நம் தமிழகக் குடும்பத்தார் பலர் அங்கே சிக்கினர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியரை ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தாயகம் கொண்டுவந்து சேர்த்தன. பாலைவனச் சாலையில் ஈராக்கைக் கடந்து, அம்மானில் கூடாரங்களில் காத்திருந்து, உடுத்திய துணியோடு வந்தவர்களின் பேச்சை இன்றும் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம். அடுத்த ஜனவரியில் பக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியது. 1991 பிப்ரவரி 13 விடியற்காலை, பக்தாதின் அமீரிய்யா பகுதியில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த பாதுகாப்புப் புகலிடம் ஒன்றின்மீது இரண்டு குண்டுகள் விழுந்தன. அது ராணுவக் கட்டளை மையம் என்றே அமெரிக்கத் தரப்பு கூறியது. இறந்தவர் 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள். பெண்களும் குழந்தைகளும் மிகுதி. குண்டுகளை வீசியவை எஃப்-117 விமானங்கள்.

அதே ஆண்டு, அதே விமானம், அதே நகரம் கடைக்கு வந்தன. விமானத்தின் உள்ளே ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு விளக்கும் இருந்தன. கீழே நிலம் பழுப்பு நிறத் தட்டையாகவும், கட்டடங்கள் சில கோடுகளாகவும் முக்கோணங்களாகவும் இருந்தன. அன்றைய கணினியின் ஆற்றல் அவ்வளவே என்பது உண்மைதான். ஆயினும் உள்ள ஆற்றலை எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானித்தவர் மனிதரே. அவர்கள் விமானத்தைத் துல்லியமாக்கினார்கள், ஊரை விட்டுவிட்டார்கள். இவ்விளையாட்டுகளைப் பற்றி நமக்கிருக்கும் பெரிய மனக்குறை இதுதான். பிள்ளை ஏவுகணையின் எடையை அறிகிறான். பஸராவில் பேரீச்சந்தோப்புகள் உண்டென்பதை அறிவதில்லை.

பக்தாத் விமான நிலையச் சாலையில் இறக்கை விரித்த மனிதர் ஒருவரின் சிலை நிற்கிறது. அவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அந்தலூசின் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர். உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டது என்றும், பறவைகள் வாலைக் கொண்டு இறங்குகின்றன என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ குறிப்பிடுகிறார். பறத்தலின் வரலாற்றில் இப்படியொரு பெயருக்கு இடமளித்த நகரம் அது. முக்கோணங்களாலான பக்தாதில் அச்சிலைக்கு இடமிருக்க வழியில்லை.

நிறுவனத்தின் பிற்காலத்தை விரைந்து கூறலாம். மெயருக்குப் போர்விமானங்கள் சலித்துவிட்டன. ரயில் பாதை அமைக்கும் விளையாட்டையும், 1991 இல் நாகரிகங்களை வளர்க்கும் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டையும் உருவாக்கினார்; இன்று அவர் அறியப்படுவது அதனால்தான். விமானங்களையே பெரிதும் நேசித்த ஸ்டீலி, காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில் பணத்தை இறக்கினார், அது கைகொடுக்கவில்லை. 1993 இல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் என்ற போட்டி நிறுவனம் மைக்ரோபுரோஸை வாங்கியது. ‘ஃபால்கன்’ விமான விளையாட்டுகளால் பெயர்பெற்ற அதன் தலைவர் கில்மன் லூயி, 1999 இல் அமெரிக்க உளவுத்துறைக்காகத் தொடங்கப்பட்ட இன்-க்யூ-டெல் என்னும் முதலீட்டு அமைப்பின் தலைமைக்குச் சென்றார். விளையாட்டுக்கும் போர்த்துறைக்கும் இடையே சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. 1998 இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அதை வாங்கியது. பிறகு பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ். 2003 இல் ஹன்ட் வேலி அலுவலகமே மூடப்பட்டது. ராணுவப் பயிற்சிக்கான மென்பொருள் செய்துவந்த டேவிட் லகெட்டி என்னும் ஆஸ்திரேலியர் அந்தப் பெயரை மீட்டு, 2020 முதல் மீண்டும் விளையாட்டுகளை வெளியிட்டு வருகிறார்.

நம் நாடும் இதில் சேர்ந்துவிட்டது. இந்திய வான்படை 2014 இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி ஸ்கைஸ்’ என்ற கைப்பேசி விளையாட்டையும், 2019 ஜூலை 31 அன்று ‘இந்தியன் ஏர் ஃபோர்ஸ்: எ கட் அபவ்’ என்பதையும் வெளியிட்டது. இரண்டையும் உருவாக்கியது திரை இன்டராக்டிவ் என்னும் இந்திய நிறுவனம். இளைஞரை வான்படைப் பணிக்கு ஈர்ப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. நாட்டின் வான்படையில் நம் பிள்ளைகளும் சேர வேண்டும் என்பதே நமது விருப்பம். அதற்கு முதற்படி கணிதமும் இயற்பியலும். கைப்பேசித் திரை அன்று.

அண்மைக்காலத்தில் இன்னொரு கேடு தோன்றியுள்ளது. விளையாட்டின் ஊர்களும் வானமும் இன்று உண்மை போலவே தோன்றுவதால், அவற்றின் காட்சிகள் போர்க்காட்சிகள் என்ற பெயரில் பரப்பப்படுகின்றன. 2021 செப்டம்பரில் ஆப்கானின் பஞ்ச்ஷீர் தாக்குதல் என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில ஒளிபரப்பியது ‘ஆர்மா 3’ என்ற விளையாட்டின் காட்சி. அதைத் தயாரிக்கும் செக் நாட்டு நிறுவனமான போஹீமியா இன்டராக்டிவ், 2022 நவம்பரில், போலிக் காட்சிகளை எப்படி அடையாளம் காண்பது என்று தானே விளக்கம் வெளியிட்டது: காட்சி மங்கலாகவும் ஆடியும் இருக்கும், பெரும்பாலும் இரவாக இருக்கும், ஒலி இராது, மனிதர் அசைவு இயல்பாக இராது. 2023 அக்டோபரில் ஃகஸ்ஸாவின் பெயரால் அதே விளையாட்டின் காட்சிகள் மீண்டும் சுற்றின. நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களிலும் அப்படிப்பட்டவை கண்ணீர்க் குறிகளோடு வந்தன. அழுவதற்கு உண்மையான காட்சிகள் போதுமான அளவு இருக்கும்போது பொய்யைப் பரப்பினால், நாளை உண்மையையும் எவரும் நம்பமாட்டார். ஒரு காட்சியை அனுப்புமுன் வீட்டில் விளையாடும் பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள். அவன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.

போரில்லாத விமான விளையாட்டுகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 இல் வெளியிட்டது உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்து காட்டுகிறது. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் அதில் காமலாபுரம் ஓடுபாதையிலிருந்து கிளம்பி ஓமலூரைச் சுற்றிவந்ததாகச் சொன்னார். சேர்வராயன் மலை சரியான இடத்தில் இருந்ததாம், சரபங்கா ஆறும் இருந்ததாம். தம் தெருவைத் தேடித் தாழ்வாகப் பறந்திருக்கிறார். “வீடுகளெல்லாம் வேறு யாருடைய வீடுகளோ மாதிரி இருந்தன உஸ்தாத். பள்ளிவாசல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சதுரக் கட்டடம் மட்டும் நின்றது. மனாராவைக் காணோம்” என்றார்.